விளக்குக்கு வைத்த பொருள்



பொருளைக் கொடுப்பது எளிது; கொடுத்த பொருள் கருதிய இடத்தைச் சென்று சேர்வது அரிது. இது வீட்டிலும் உண்மை, நாட்டிலும் உண்மை. கடைக்குப் போய்வந்த பிள்ளையிடம் மீதிச் சில்லறை எங்கே என்று தாய் கேட்கிறாள். பிள்ளையின் மேல் ஐயங்கொண்டா கேட்கிறாள்? இல்லை. காசின் அருமையையும், கணக்கின் அருமையையும் அவன் ஒருங்கே உணர வேண்டும் என்பதற்காகவே கேட்கிறாள். வீட்டுக் காசுக்கே கணக்கு வேண்டுமென்றால், கோடிக்கணக்கான மக்களின் வரிப்பணத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வன்குற்றங்களைக் குறைப்பதற்கென மத்திய அரசாங்கம் தரும் மானியமும், அம்மானியத்தோடு கூடவே வரும் நிபந்தனைகளும் ஆகும். இது அலுவலகத்து மேசைமேல் கிடக்க வேண்டிய செய்தி ஆயிற்றே, மாணவர்களாகிய எங்களுக்கு இது எதற்கு என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். அந்தப் பணம் யாருக்காக ஒதுக்கப்பட்டது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். கல்லூரி முடிந்து மாலை இருட்டில் பேருந்திலிருந்து இறங்கி வீடு நோக்கி நடக்கும் மாணவிக்காகவும், அவளுக்காக வாசலில் காத்திருக்கும் தாய்க்காகவும் ஒதுக்கப்பட்ட பணம் அது. உங்களுக்குரிய பணத்தின் கதையை நீங்கள் அறியாமல் வேறு யார் அறிவது?

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்களாக அமைந்திருப்பவை பொது அமைதியும் காவல்துறையும். அதாவது, தெருவில் அமைதி காப்பது மாநில அரசாங்கத்தின் கடமை. அப்படியிருக்க, சென்னையின் தெரு விளக்கிலும் ரோந்து வண்டியிலும் புது டில்லிக்கு என்ன வேலை?

இதற்கு விடை 282-ஆம் பிரிவில் இருக்கிறது. பொது நோக்கம் எதற்கும், அது தன் சட்டமியற்றும் எல்லைக்கு வெளியே இருந்தாலும், மத்திய அரசாங்கம் மானியம் வழங்கலாம் என்று அப்பிரிவு இடம் தருகிறது. ஆணையிட முடியாத இடத்தில் உதவி செய்யலாம். உதவி செய்யும்போது, இன்னின்ன முறையில் செலவிடுக என்று நிபந்தனையும் விதிக்கலாம். ஆகவே, மானியம் என்பது இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே கட்டப்பட்ட பாலம் எனலாம். நிபந்தனைகள் அந்தப் பாலத்தின் இருமருங்கும் உள்ள கைப்பிடிச் சுவர்கள். சுவரே இல்லாத பாலத்தில் நடப்பவர் தவறி விழுவர். சுவரே பாலத்தை அடைத்துக்கொண்டாலோ யாரும் அக்கரை போய்ச் சேரமாட்டார். நம் பேச்சு முழுவதும் இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவிலுள்ள வழியைப் பற்றியதுதான்.

வரலாற்றுக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி சொல்லொணாக் கொடுமைக்கு ஆளானார். அம்மாதம் 29-ஆம் நாள் உயிர் நீத்தார். நாடு முழுவதும் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். சட்டத்தில் செய்ய வேண்டிய மாற்றங்களை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மாவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பொதுமக்களிடமிருந்து அக்குழுவுக்கு ஏறத்தாழ 80,000 கருத்துரைகள் வந்து குவிந்தன. அவற்றையெல்லாம் எதிர்கொண்டு, ஒரே மாதத்தில், 2013 ஜனவரி 23 அன்று குழு தன் அறிக்கையை அளித்தது. அடுத்த மாதம் அந்நாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம் தாம் படித்த வரவு செலவுத் திட்டத்தில், 1,000 கோடி ரூபாயில் 'நிர்பயா நிதி' ஒன்றை அறிவித்தார். நிர்பயா என்னும் வடசொல்லுக்கு அச்சமற்றவள் என்பது பொருள்.

இந்நிதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பொதுவாக, அரசாங்கம் ஒதுக்கும் தொகை அந்த ஆண்டு மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் காலாவதியாகிவிடும். நிர்பயா நிதியோ ஆண்டு முடிந்தாலும் காலாவதியாகாத நிதியாக அமைக்கப்பட்டது. நிதி அமைச்சகம் பொருளைக் காக்கிறது. மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒருங்கிணைக்கிறது. அதிகாரிகள் அடங்கிய குழு ஒன்று, வந்து சேரும் திட்டங்களைச் சீர்தூக்கிப் பார்த்துப் பரிந்துரைக்கிறது.

2018-ஆம் ஆண்டில் இந்நிதியைக் கொண்டு எட்டு நகரங்களுக்குப் 'பாதுகாப்பான நகரம்' என்னும் திட்டம் ஒப்புதல் பெற்றது. டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், லக்னோ ஆகியவற்றோடு நம் சென்னையும் அவற்றுள் ஒன்று. சென்னைக்கு மதிப்பிட்ட தொகை 425 கோடியே 6 இலட்சம் ரூபாய். இதில் நூற்றுக்கு அறுபது மத்திய அரசாங்கத்தின் பங்கு. நாற்பது மாநிலத்தின் பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 255 கோடி அங்கிருந்து வர, 170 கோடியை நாம் இடவேண்டும்.

இப்போது நிபந்தனைகளைப் பார்ப்போம். முதலாவது, பங்கு. தன் பங்கை இட்டவனுக்கே பொறுப்பு வரும் என்பது இதன் உட்கருத்து. இரண்டாவது, புதுமை. ஏற்கெனவே நடந்துவரும் ஒரு வேலைக்கே வேறு பெயர் சூட்டி இப்பணத்தைக் கேட்கக் கூடாது. மூன்றாவது, மறைகாப்பு. உதவி நாடி வரும் பெண்ணின் பெயரும் விவரமும் வெளியே கசியாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். நான்காவது, கண்காணிப்பு. திட்டத்துக்குள்ளேயே அதைச் சரிபார்க்கும் வழியும் அமைந்திருக்க வேண்டும்.

இவற்றோடு பொது நிதி விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. மானியம் பெற்றவர், அந்த நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒன்றை அனுப்ப வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு விதி. இவ்வளவு பெற்றோம், இன்ன காரியத்துக்கு இவ்வளவு செலவிட்டோம், இவ்வளவு மீதம் என்று பொறுப்புள்ள அதிகாரி கையொப்பமிட்டுக் கூறும் உறுதிமொழியே அது. மத்திய அரசாங்கத்தின் உதவியோடு மாநிலங்கள் நடத்தும் திட்டங்களுக்கு 2021-இல் மற்றொரு கட்டுப்பாடும் வந்தது. ஓர் ஆண்டுக்குரிய மத்தியப் பங்கை நான்கில் ஒரு பகுதிக்கு மேற்படாமல் தவணைகளாகவே விடுவிப்பார்கள். முன்னர் வந்த தொகையில் முக்கால் பங்காவது செலவாகியிருந்தால்தான் அடுத்த தவணை வரும். பணத்துக்கென்று தனிக் கணக்கு வேண்டும். அதில் சேரும் வட்டிக்கும் கணக்கு வேண்டும். பின்னர்ச் சில திட்டங்களில், செலவு நேரும்போதே பணத்தை விடுவிக்கும் முறையும் புகுந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் தணிக்கை இருக்கிறது. அவர் அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கச் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது.

இத்தனை கட்டுப்பாடா என்று மலைக்க வேண்டாம். இவை மேனாட்டார் வந்து நமக்குக் கற்பித்தவை என்றும் கருத வேண்டாம். நான் வாழும் மாடம்பாக்கத்தில், தேனுபுரீசுவரர் கோயில் என்னும் சோழர் காலக் கற்றளி ஒன்று உண்டு. யானையின் பின்புறம் போல வளைந்த அதன் விமானத்தைக் காண வெளியூர்களிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள். சோழ நாட்டுக் கோயில்களின் சுவர்களில் காணும் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை எதைக் கூறுகின்றன என்று எண்ணுகிறீர்கள்? போர்களை அல்ல; கொடைகளையும் அவற்றின் நிபந்தனைகளையுமே மிகுதியாகக் கூறுகின்றன.

நந்தா விளக்குக் கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். அணையாத விளக்கு ஒன்றை எரிப்பதற்காக ஒருவர் 96 ஆடுகளைத் தருகிறார். அவ்வாடுகள் இன்ன இடையரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை அவர் நிரப்பிவர வேண்டும். அதனால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். முதல் கரையக் கூடாது. பொறுப்பாளர் இன்னார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். நாள்தோறும் அளக்கும் அளவு எழுதப்பட்டிருக்க வேண்டும். அத்தனையும் ஊரார் கண்ணெதிரே கல்லில் பொறிக்கப்பட வேண்டும். நிர்பயா நிதியைக் காலாவதியாகாத நிதி என்றேன் அல்லவா? அக்கருத்து நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஊர் வாரியத்தில் பணிபுரிந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மீண்டும் குடவோலைக்கு எழுதக் கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. கணக்குக் காட்டாமை என்பது அந்தக் காலத்து ஊரார் கண்ணில் அத்துணைப் பெரிய குற்றமாகப் பட்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். நந்தா விளக்குக் கொடையில், இத்தனை ஆடுகள் வாங்கப்பட்டன என்பதோடு கணக்கு முடியவில்லை. விளக்கு எரிய வேண்டும், அதுவும் நாள்தோறும் எரிய வேண்டும் என்பதுவரை நிபந்தனை நீள்கிறது. நம் காலத்துப் பயன்பாட்டுச் சான்றிதழோ பெரும்பாலும் ஆட்டை எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. விளக்கை எண்ணும் வேலை எஞ்சி நிற்கிறது. இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் ஒரே கருத்து இதுதான்.

என் பணிக்காலத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் கீழ், கற்பித்தற் கருவிகள் செய்துகொள்ள ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வீதமும், பள்ளிக்குத் தனியே ஒரு தொகையும் மானியமாக வந்த காலம் அது. ஆய்வுக் குழுவில் ஒருவனாக நான் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். செலவுச் சீட்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. இருப்புப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. உலக உருண்டை ஒன்று வாங்கியதாக எழுதியிருந்தது. கேட்டவுடன் அலமாரியைத் திறந்து காட்டினார்கள். வாங்கிய அன்று சுற்றியிருந்த உறை, கிழியாமல் அப்படியே இருந்தது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அழைத்து, இதில் இலங்கை எங்கே இருக்கிறது, காட்டம்மா என்றேன். அவள் அவ்வுருண்டையைத் தொடுவதற்கே தயங்கி, ஆசிரியரின் முகத்தைப் பார்த்தாள். அதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறாள்! கணக்கில் உலகம் முழுவதும் இருந்தது, வகுப்பில் இல்லை. விதிப்படி அந்தச் சான்றிதழில் பிழை ஒன்றும் காண முடியாது. ஆனால் அந்தச் சிறுமிக்கு அம்மானியம் வரவே இல்லை.

இனி, நிர்பயா நிதி நடந்த வழியைப் பார்ப்போம். 2019 நவம்பர் இறுதியில் மக்களவையில் வைக்கப்பட்ட விவரம் பலரையும் திடுக்கிடச் செய்தது. அந்நிதியிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய ஏறத்தாழ 190 கோடி ரூபாயில், பயன்படுத்தியதாகக் கணக்கு வந்தது 6 கோடி ரூபாயே. டில்லியின் கணக்கு, ஏறத்தாழ 390 கோடியில் 19 கோடி. கொடுமை நிகழ்ந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னர் நாடு கண்ட கணக்கு இது. பிற்பாடு நிலைமை திருந்தியது. 2024-25 வரையில் ஒதுக்கிய ஏறத்தாழ 7,700 கோடி ரூபாயில் முக்கால் பங்களவு பயன்பட்டதாக மத்திய அரசாங்கம் கூறியுள்ளது.

ஏன் இந்தத் தாமதம்? யாரோ ஒருவர் பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டார் என்று எளிதாகச் சொல்லிவிட வேண்டாம். ஒரு தெருவில் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த இடம் என்று காவல்துறை சொல்ல வேண்டும். கம்பம் நட உள்ளாட்சி இசைய வேண்டும். மின்வாரியம் இணைப்புத் தர வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். மாநிலப் பங்கு கணக்கில் வந்து சேர வேண்டும். ஒன்று பிந்தினால் அனைத்தும் பிந்தும். சில வேளைகளில் வேலை முடிந்திருக்கும். சான்றிதழ் மட்டும் போகாதிருக்கும். அந்தச் சான்றிதழ் போகாமையால் அடுத்த தவணை நிற்கும். தவணை நிற்பதால் அடுத்த தெருவின் வேலையும் நிற்கும். எங்கோ ஒரு மேசையில் கையொப்பத்துக்குக் காத்திருக்கும் தாள், இங்கே ஒரு தெருவை இருட்டில் வைத்திருக்கிறது. கணக்கு எழுதும் எழுத்தரின் வேலையும் காவல் வேலையே என்று நான் கூறுவது இதனால்தான்.

பயன் தந்த செலவுகளும் இருக்கின்றன. 2022 மே மாதத்தில், சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 500 பேருந்துகளில் முதற்கட்டமாகக் கண்காணிப்புக் கருவிகளும், ஆபத்து வேளையில் அழுத்த வேண்டிய பொத்தான்களும் இந்நிதியால் இயங்கத் தொடங்கின. பொத்தானைப் பொருத்திய அன்றே செலவுக் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு பெண் அதை அழுத்தும்போது மறுமுனையில் ஒருவர் விழித்திருக்கிறாரா, எத்தனை நிமிடத்தில் உதவி வருகிறது என்பது அதன்பின் ஒவ்வொரு நாளும் எழுத வேண்டிய கணக்கு.

அப்படியானால், குற்றம் குறைந்ததா என்று கேட்டு அதன்படியே மானியம் தந்துவிடலாமே என்பீர்கள். அறிவுடைய கேள்விதான், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. பதிவான வழக்குகள் குறைந்தால்தான் பணம் என்று விதித்தால் என்ன ஆகும்? குற்றத்தைக் குறைப்பதைவிடப் புகாரைக் குறைப்பது எளிது என்று சிலர் கண்டுகொள்வர். அழுதுகொண்டு வரும் பெண்ணை, சமாதானமாகப் போய்விடம்மா என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவர். ஏட்டில் எண் குறையும். ஊரில் கொடுமை கூடும். இத்தகைய கொடுமைகளில் புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரியைத் தண்டிக்க 2013-இல் சட்டம் செய்ததும் இதுபற்றியே. உண்மையில், ஒரு நல்ல உதவித் தொலைபேசி வந்தால், முதல் சில ஆண்டுகளில் புகார்கள் கூடும். அதுவரை ஊமையாயிருந்த துயரம் பேசத் தொடங்குகிறது என்பதே அதன் பொருள். எண்ணைப் படிக்கக் கற்பது எளிது. எண்ணின் பின்னே இருக்கும் மனிதரைப் படிக்கக் கற்பதே கல்வி.

பிற நாடுகளின் அனுபவமும் நமக்குப் பாடம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில், தொற்றுநோய் மருத்துவர் கேரி சுலட்கின் என்பார் ஒரு புது வழியைத் தொடங்கினார். வன்முறையும் நோயைப் போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்று கண்டு, பழிவாங்கப் புறப்படும் இளைஞனை இடைமறித்துப் பேச, அவன் தெருவிலேயே வாழ்ந்து அவன் மதிக்கும் ஒருவரை அமர்த்தினார். அம்முயற்சி 2000-ஆம் ஆண்டில் தெருவில் இறங்கியது. 2022-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இத்தகைய வேலைகளுக்கென்று ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் ஒதுக்கியது. பெறும் சங்கங்களுக்கு அங்கும் கடுமையான நிபந்தனைகள்: செலவு ஏடுகளை மூன்றாண்டு காக்க வேண்டும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவிட்டால் தனித் தணிக்கை செய்ய வேண்டும். தெருவில் நற்பணி செய்யத் தெரிந்த சிறு சங்கங்கள், ஏடு எழுதத் தெரியாமல் தடுமாறின. 2025 ஏப்ரலில் அந்நாட்டு நீதித்துறை நூற்றுக்கணக்கான மானியங்களை இடைவழியிலேயே நிறுத்திவிட்டது. வெளியிலிருந்து வரும் நீரை மட்டும் நம்பிய பயிர், மடை அடைபட்டால் வாடும். ஆதலால், மானியம் இருக்கும்போதே ஊருக்குள் ஊற்றுத் தோண்டிக்கொள்வது அறிவுடைமை.

அத்தகைய ஊற்றுகள் நம்மிடமும் உண்டு. 2022 செப்டம்பரில் மாநில அரசாங்கம் சென்னையில் 'சிற்பி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 பேராக, 5,000 மாணவர்களைக் காவல்துறையோடு பழகச் செய்து, ஒழுக்கமும் பொறுப்பும் ஊட்டுவது அதன் நோக்கம். இதன் கணக்கை எப்படி எழுதுவீர்கள்? சீருடைக்கும் சிற்றுண்டிக்கும் ஆன செலவை மார்ச் மாதத்திலேயே எழுதிவிடலாம். பதினைந்து வயதில் கத்தியைக் கையில் எடுக்க இருந்த ஒருவன் எடுக்காமற் போனான் என்பதை எந்த ஏட்டில் எழுதுவது? நிகழாத குற்றத்துக்குச் சீட்டு இல்லை. அதனாலேயே, கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்குப் பணம் எளிதில் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நற்பழக்கத்துக்கு அரிதாகக் கிடைக்கிறது. நிபந்தனை வகுப்போர் இதனை மறத்தல் ஆகாது.

எங்கள் மாடம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்த இவ்வூர், 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதன் ஒரு பகுதியாயிற்று. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. 2018-இல் ஒப்புதல் பெற்ற திட்டமோ சென்னை நகரின் பெயரில் அமைந்தது. மாநகராட்சி எல்லை ஒன்று, காவல் எல்லை ஒன்று, மாவட்ட எல்லை ஒன்று, பேருந்து ஓடும் எல்லை வேறொன்று. கோப்பில் இவை நான்கு கோடுகள். தாம்பரம் இரயில் நிலையத்தில் இறங்கி, சேலையூரும் இராஜகீழ்ப்பாக்கமும் கடந்து வீடு திரும்பும் மாணவிக்கு அது ஒரே பாதை. கோடு மாறும் இடத்தில் அவளுடைய அச்சம் நின்றுவிடுவதில்லை. ஒரு திட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் மற்றொரு திட்டத்தின் கை நீள வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர், அப்பாதையில் நடப்பவரே அன்றி, கோப்பு எழுதுபவர் அல்லர்.

சொல்வதற்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், எங்கள் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. முதலமைச்சரும் அதில் கலந்துகொண்டார். சிற்றூர்களுக்குக் கிராம சபை போல, நகரத்து வட்டங்களுக்குப் பகுதி சபை. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் நான்காம் பிரிவு, கேளாமலேயே பல விவரங்களை அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு நான் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஆசிரியனாய் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றாலும் போவதில்லை. உங்கள் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரையில், பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, ஒரு மாலை நடந்து பாருங்கள். எத்தனை விளக்குக் கம்பங்கள், அவற்றுள் எத்தனை எரிகின்றன, எங்கே மறைவிடம், எங்கே ஆள் நடமாட்டம் அற்ற திருப்பம் என்று குறிப்பெடுங்கள். மாணவர்கள் ஒரு குறிப்பும் மாணவிகள் ஒரு குறிப்பும் தனித்தனியே எழுதி, பின் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே தெரு இருவருக்கும் வேறு வேறாகத் தோன்றுவதைக் காண்பீர்கள். அந்தத் தாளைப் பகுதி சபையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பொதுப் பணத்தில் நடக்கும் எந்த வேலையைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுங்கள்: எவ்வளவு வந்தது? என்ன வாங்கினார்கள்? யாருடைய வாழ்வில் எது மாறியது? முதல் இரண்டுக்கும் அலுவலகம் விடை சொல்லும். மூன்றாவதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஆபத்து நேரும்போது பெண்கள் அழைக்க வேண்டிய எண் 181. சிறுவர் சிறுமியருக்கு 1098. எல்லார்க்கும் பொதுவான அவசர எண் 112. இவற்றை இன்றே உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள அம்மாவுக்கும், பாட்டிக்கும், தங்கைக்கும் சொல்லிக்கொடுங்கள். அந்த எண்களின் பின்னே மக்களின் பணம் இருக்கிறது. பல அலுவலர்களின் கையொப்பம் இருக்கிறது.

உங்களுள் சிலர் நாளை கணக்கு அலுவலர்களாக வருவீர்கள். சிலர் காவல் அதிகாரிகளாக, சிலர் மன்ற உறுப்பினர்களாக வருவீர்கள். அன்று உங்கள் மேசைமேல் ஒரு பயன்பாட்டுச் சான்றிதழ் கையொப்பத்துக்காக வரும். தொகையைச் சரிபார்த்த பிறகு பேனாவை எடுப்பதற்கு முன், அந்தத் தெருவுக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள். பகலில் அல்ல, விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பின் போய்வாருங்கள். அதன்பின் நீங்கள் இடும் கையொப்பம் கல்லில் பொறித்த எழுத்துக்கு ஒப்பாகும்.